பிடிஎஃப் அளவைக் குறைக்க எந்தக் கோப்புக்கு எந்த வழி?

ஒரு பிடிஎஃப் எவ்வளவு பெரியது என்பது அதை அனுப்பப் போகும்போதுதான் உறைக்கும். மின்னஞ்சல் ஏற்காது. விண்ணப்பத் தளம் "500 கேபிக்குள் இருக்க வேண்டும்" என்று சிவப்பு எழுத்தில் நிற்கும். உடனே நம்மில் பலர் செய்வது ஒன்றுதான்: தேடுபொறியில் தட்டி, முதலில் வரும் தளத்தில் கோப்பை ஏற்றி, அது திருப்பித் தருவதை அப்படியே அனுப்பிவிடுவோம். பல நேரம் வேலை முடிந்துவிடும். சில நேரம் கோப்பு குறையவே குறையாது. சில நேரம் நன்றாகக் குறைந்து, படிக்க முடியாமல் போயிருக்கும். அதை நமக்கு முன்னால் பார்ப்பவர், கோப்பைப் பெற்றவர்தான்.

அளவைக் குறைக்க ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. கோப்பில் இடத்தை அடைப்பது எது என்று தெரிந்தால், வழி தானாகவே தெரிந்துவிடும்.

இடத்தை அடைப்பது எது?

கோப்பைத் திறந்து ஒரு பக்கத்தை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தின் விளிம்பு கூர்மையாகவே இருந்தால் அது உண்மையான எழுத்து. கட்டம் கட்டமாகச் சிதைந்தால் அது படம், அதாவது ஸ்கேன். சுட்டியால் எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பார்ப்பதும் ஒரு சோதனைதான். ஆனால் ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைக் கணினி அடையாளம் காணும் முறை) செய்த ஸ்கேனிலும் எழுத்து தேர்வாகும் என்பதால், பெரிதாக்கிப் பார்ப்பதையே நான் நம்புவேன்.

எழுத்து மட்டும் உள்ள பிடிஎஃப் பெரும்பாலும் பிரச்சினையே செய்யாது. நூறு பக்கம் இருந்தாலும் சின்னதாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட கோப்பு பெரிதாக இருந்தால் உள்ளே படங்கள் இருக்கும், அல்லது எழுத்துருக்கள் முழுதாகப் பதிக்கப்பட்டிருக்கும். பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் பதித்தால் போதும். சில மென்பொருள்கள் முழு எழுத்துருவையும் உள்ளே வைத்துவிடும்.

ஸ்கேன் கதை வேறு. ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் 2480 × 3508 பிக்சல்கள், அதாவது சுமார் 87 லட்சம். வண்ணத்தில் ஒரு பிக்சலுக்கு மூன்று பைட். எனவே சுருக்காத நிலையில் ஒரே பக்கம் 26 எம்பி. படங்களைச் சுருக்கும் ஜேபெக் முறை அதைப் பத்தில் ஒன்றாக்கினாலும் பக்கத்துக்கு 2.6 எம்பி, 40 பக்கத்துக்கு 100 எம்பிக்கு மேல். அதே பக்கத்தை 150 டிபிஐயில் எடுத்தால் பிக்சல் எண்ணிக்கை கால்வாசியாகிவிடும். டிபிஐ பாதியானால் நீளமும் பாதி, அகலமும் பாதி என்பதால் இப்படி. அளவைக் குறைப்பதில் பெரிய பலன் தரும் மாற்றங்களில் இது ஒன்று.

இன்னொன்றும் உண்டு. பக்கங்களை நீக்கிய பிறகும் கோப்பு அதே அளவில் இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். பிடிஎஃப் வடிவம், பழையதை அழிக்காமல் மாற்றத்தை மட்டும் கோப்பின் கடைசியில் சேர்த்து எழுத இடம் கொடுக்கிறது. சேமிப்பது வேகமாக முடியும், ஆனால் நீக்கிய பக்கம் உள்ளேயே கிடக்கும். அக்ரோபாட் போன்றவற்றில் 'வேறு பெயரில் சேமி' என்று கொடுத்தால் கோப்பு புதிதாக எழுதப்பட்டு இந்தச் சுமை போய்விடும். அளவைக் காட்டிலும் முக்கியமான காரணம் ஒன்றும் இதற்கு இருக்கிறது: அடுத்தவர் பார்க்கக் கூடாது என்று நீங்கள் நீக்கிய பக்கம், தெரிந்தவர் கையில் கிடைத்தால் மீண்டுவிடும்.

மூலக் கோப்பு கையில் இருந்தால்

பிடிஎஃப் எந்த ஆவணத்திலிருந்து வந்ததோ அது உங்களிடம் இருந்தால், வேறு எந்த வழியையும் யோசிக்க வேண்டாம். அங்கே போய்ச் சரிசெய்து மறுபடி பிடிஎஃப் ஆக்குங்கள். தரம் அதிகம் கெடாமல் அளவு நன்றாகக் குறைவது இந்த வழியில்தான்.

காரணம் எளிது. 4000 × 3000 பிக்சல் கொண்ட ஒரு கைபேசிப் புகைப்படத்தை வேர்டில் ஒட்டி, ஓரத்தைப் பிடித்து இரண்டு அங்குல அகலத்துக்குச் சுருக்குகிறோம். திரையில் படம் சிறியதாகிவிட்டது. கோப்புக்குள் 1.2 கோடி பிக்சலும் அப்படியே இருக்கும். இரண்டு அங்குலத்தில் 300 டிபிஐ தரத்துடன் அச்சிட 600 × 450 பிக்சல் போதும், அதாவது இரண்டே முக்கால் லட்சம் கூட இல்லை. தேவையைப் போல நாற்பது மடங்கைச் சுமந்துகொண்டிருக்கிறோம்.

வேர்டிலும் பவர்பாயின்டிலும் படத்தைத் தேர்ந்தெடுத்தால் 'படங்களைச் சுருக்கு' என்ற வசதி வரும். 220, 150, 96 பிபிஐ (டிபிஐ போலவே, ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) என்று அளவுகள் கேட்கும். திரையில் படிக்க மட்டும் என்றால் 150 தாராளம். வெட்டிய பகுதிகளை நீக்கும் தேர்வும் அங்கேயே இருக்கிறது, அதையும் டிக் செய்யுங்கள். படத்தின் ஓரத்தை வெட்டினாலும் வெட்டிய பகுதி ஆவணத்துக்குள் ஒளிந்துதான் இருக்கும். லிப்ரேஆபிஸ் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் வசதி. பிடிஎஃப் ஏற்றுமதிப் பெட்டியிலேயே ஜேபெக் தரமும் படத் தெளிவும் கேட்கும். வழக்கமாக 90 சதவீதம், 300 டிபிஐ என்று இருக்கும். 75, 150 என்று மாற்றினாலே படம் நிறைந்த அறிக்கை வெகுவாக இளைத்துவிடும். எழுத்து எழுத்தாகவே இருப்பதால் அதன் கூர்மைக்கு ஒரு குறையும் வராது.

ஆவணத்தை அச்சிட்டு, அந்தத் தாளை ஸ்கேன் செய்து அனுப்புவதுதான் இதில் மோசமான வழி. சில கேபியில் முடிய வேண்டிய கடிதம் சில எம்பி ஆகிவிடும். எழுத்தைத் தேட முடியாது. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதை வாசிக்காது. கையெழுத்து வேண்டும் என்பதற்காகத்தான் பெரும்பாலும் இப்படிச் செய்கிறார்கள். கையெழுத்துப் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து மற்ற பக்கங்களோடு சேர்த்தால் போதும்.

ஸ்கேன் என்றால்: மறுபடி எடுப்பதா, எடுத்ததைச் சுருக்குவதா?

தாள் கையில் இருந்தால் மறுபடி ஸ்கேன் செய்வதே நல்லது என்பேன். ஏற்கெனவே ஜேபெக்காக ஒருமுறை சுருங்கிய படத்தை மறுபடி சுருக்கினால் முதல் முறை ஏற்பட்ட சிதைவின் மேல் இரண்டாவது சிதைவு ஏறும். ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துக் கையாளுகிறது. முகம், மரம், வானம் போன்றவற்றுக்கு அது நல்ல முறை. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்பது அதற்கு ஒத்துவராத சரக்கு. எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் தெரிவது அதனால்தான்.

மறுபடி எடுக்கும்போது மூன்று தேர்வுகள்: வண்ணம், சாம்பல், கறுப்பு வெள்ளை. சாம்பல் நிறத்துக்கு மாற்றினால் அளவு மூன்றில் ஒன்றாகும் என்று கணக்குச் சொல்லும். நடைமுறையில் அவ்வளவு குறையாது. ஜேபெக் ஏற்கெனவே நிறத் தகவலைக் குறைவான நுணுக்கத்தில்தான் வைத்திருக்கிறது. குறையும், ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

பலர் கவனிக்காமல் விடுவது கறுப்பு வெள்ளையை. இதில் ஒரு பிக்சலுக்கு ஒரே ஒரு பிட். ஃபேக்ஸ் காலத்தில் உருவான ஜி4 சுருக்கமுறை இதற்குக் கைகொடுக்கிறது. 300 டிபிஐயில் எடுத்த சுத்தமான எழுத்துப் பக்கம் 100 கேபிக்குள் அடங்கிவிடும். மேலே கணக்குப் போட்டோமே, 100 எம்பி தாண்டிய அதே 40 பக்கம், இப்படி எடுத்தால் நாலு எம்பிக்குள் முடிந்துவிடும். சாம்பல் நிறத்தில் 150 டிபிஐயில் எடுத்ததைவிடக் கோப்பும் சிறிது, எழுத்தும் கூர்மை. ஒப்பந்தம், கடிதம், பழைய புத்தகப் பக்கம் போன்றவற்றுக்கு இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். புகைப்படம் ஒட்டிய சான்றிதழ், வண்ண முத்திரை, பென்சில் குறிப்பு, மங்கிய தட்டச்சு ஆகியவற்றுக்கு வேண்டாம். முகம் கறுப்புத் திட்டாகிவிடும், மங்கிய வரி காணாமலே போகும்.

டிபிஐயை எதுவரை இறக்கலாம்? தமிழ் எழுத்தை வைத்தே பார்க்கலாம். 12 புள்ளி அளவு எழுத்து என்பது ஓர் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு. 72 டிபிஐயில் அதற்குக் கிடைப்பது மேலிருந்து கீழாக 12 பிக்சல்தான். அந்தப் பன்னிரண்டுக்குள் எழுத்தின் உடலும் மேலே இகரச் சுழியும் கீழே உகர வளைவும் மெய்யின் புள்ளியும் அடங்க வேண்டும். புள்ளிக்கு ஒரு பிக்சல் கிடைத்தால் பெரிது. ஜேபெக்கின் மங்கலில் அதுவும் கரைந்தால் 'க்' எது, 'க' எது என்று தெரியாது. 150 டிபிஐயில் 25 பிக்சல் கிடைக்கும், திரையில் சிரமமில்லாமல் படிக்கலாம். அதற்குக் கீழே போவதை நான் ஏற்கமாட்டேன். ஓசிஆர் செய்யும் எண்ணம் இருந்தால் 300 வேண்டும்.

விண்ணப்பத் தளத்தின் 500 கேபி வரம்புக்கு வருவோம். ஒரு பக்கச் சான்றிதழை 150 டிபிஐ சாம்பலில் எடுத்தால் சுருக்காமலேயே 2.2 எம்பிதான். ஜேபெக் பத்தில் ஒன்றாக்கினால் 220 கேபி. தாராளமாக உள்ளே வரும். மூன்று பக்கம் என்றால் இழுபறி. அப்போது எழுத்துப் பக்கங்களை கறுப்பு வெள்ளையில் எடுத்து, முத்திரை உள்ள பக்கத்தை மட்டும் சாம்பலில் வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

சுருக்கம் கண்ணுக்குத் தெரியாமலும் கெடுக்கும் என்பதற்கு ஒரு நிஜ நிகழ்வு உண்டு. 2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கணினியியலாளர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் வொர்க்சென்டர் இயந்திரங்களில் ஸ்கேன் செய்த ஒரு கட்டட வரைபடத்தில் அறைகளின் பரப்பளவு எண்கள் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். மங்கலோ சிதைவோ இல்லை. எண் தெளிவாகவே இருந்தது, ஆனால் அது வேறு எண். ஜேபிக்2 என்ற சுருக்கமுறை ஒரே மாதிரி தெரியும் வடிவங்களை ஒன்றாகக் கருதி, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துவிட்டது. 6 இருந்த இடத்தில் 8 வந்தது. நிறுவனம் பிறகு அதற்குத் திருத்தம் வெளியிட்டது. ஜேபிக்2-இல் இழப்பில்லாத வகையும் உண்டு, அதற்கு இந்த ஆபத்து இல்லை. எண்கள் நிறைந்த ஆவணத்தை 'மிக அதிகச் சுருக்கம்' என்ற பொத்தானில் விடும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மங்கலான எண்ணைப் பார்த்தால் சந்தேகப்பட்டுக் கேட்போம், தெளிவாக இருக்கும் தப்பான எண்ணை யாரும் கேட்கமாட்டார்கள்.

தாளும் இல்லை, மூலமும் இல்லை: பிடிஎஃப் மட்டும் இருக்கிறது

இங்கேதான் இணையதளமா, சொந்தக் கணினியில் உள்ள மென்பொருளா என்ற கேள்வி வருகிறது.

ஐலவ்பிடிஎஃப், ஸ்மால்பிடிஎஃப் போன்ற தளங்களின் பலம் வசதி. எதையும் நிறுவ வேண்டாம், கைபேசியிலும் வேலை நடக்கும், இரண்டு மூன்று நிலைகளில் ஒன்றைத் தொட்டால் முடிந்தது. பொதுவில் இருக்கும் துண்டறிக்கை, பாடக்குறிப்பு, நிகழ்ச்சி நிரல் என்றால் தயங்காமல் பயன்படுத்துங்கள். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரம், மருத்துவ அறிக்கை, அடுத்தவரின் ஆவணம் என்றால் வேண்டாம். சற்று நேரத்தில் அழித்துவிடுவோம் என்று தளங்கள் சொல்கின்றன. சொன்னபடி செய்யவும் செய்யலாம். ஆனால் அதைச் சரிபார்க்க உங்களுக்கு வழியில்லை. அடுத்தவரின் ஆவணம் என்றால், அந்த நம்பிக்கையை அவர் சார்பில் வைக்க உங்களுக்கு உரிமையும் இல்லை.

சில தளங்கள் கோப்பை எங்கும் அனுப்பாமல் உலாவிக்குள்ளேயே சுருக்குகின்றன. உண்மைதானா என்று பார்க்க எளிய சோதனை: பக்கம் முழுதாகத் திறந்ததும் இணையத்தைத் துண்டித்துவிட்டு முயன்று பாருங்கள். வேலை நடந்தால், கோப்பு உங்கள் கருவியை விட்டுப் போகவில்லை.

மேக் வைத்திருப்பவர்களுக்கு அதனுடனே வரும் பிரிவியூ செயலியில் ஏற்றுமதி செய்யும்போது 'கோப்பின் அளவைக் குறை' என்ற வடிகட்டி கிடைக்கும். எளிது, தனியுரிமைக் கவலை இல்லை. ஆனால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்காது. படங்களை ஒரேயடியாக மங்கலாக்கிவிடும். எழுத்து மட்டும் உள்ள கோப்பில் சில நேரம் அளவு கூடவும் செய்யும். அவசரத்துக்குச் சரி.

கட்டணம் செலுத்தும் அக்ரோபாட் புரோவில் நான் மதிப்பது ஒரு வசதியை: எந்த வகைச் சரக்கு எத்தனை பைட் பிடிக்கிறது என்ற கணக்கை அது காட்டும். படங்கள் இவ்வளவு, எழுத்துருக்கள் இவ்வளவு என்று பட்டியல் வந்துவிட்டால் எதைக் குறைப்பது என்று ஊகிக்க வேண்டியதில்லை. தினமும் இதே வேலை என்றால் காசுக்குத் தகும். எப்போதாவது ஒரு கோப்புக்காக வாங்க வேண்டாம்.

கட்டளை வரிக்கு (கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் முறைக்கு) பயப்படாதவர்களுக்கு இலவசமாகவே நல்ல கருவிகள் இருக்கின்றன. கோஸ்ட்ஸ்கிரிப்ட் அதில் பழையது, வலுவானது. 'ஸ்கிரீன்' 72 டிபிஐ, 'ஈபுக்' 150, 'பிரிண்டர்' 300 என்று தயார் நிலைகள் உண்டு. ஈபுக்கில் தொடங்குங்கள். அதைக் கொடுத்தும் கோப்பு குறையவில்லை என்று சிலர் குழம்புவார்கள். படத்தின் தெளிவு இலக்கைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால்தான் அது படத்தைச் சிறிதாக்கும். 150-க்கு அந்த எல்லை 225. உங்கள் ஸ்கேன் 200 டிபிஐ என்றால் தொடாமல் விட்டுவிடும். அந்த எல்லையை நீங்களே இறக்கிக்கொள்ளலாம்.

கியூபிடிஎஃப் வேறு வகை. நாமாகக் கேட்காவிட்டால் அது படத்தைத் தொடாது. கோப்பின் உள்ளமைப்பை மட்டும் இறுக்கிக் கட்டும். ஸ்கேனுக்கு ஒன்றும் பெரிதாகக் குறையாது. படிவங்களும் இணைப்புகளும் நிறைந்த எழுத்துக் கோப்புக்குக் கணிசமாகக் குறையலாம், தரத்தில் துளி இழப்பும் இல்லை. ஸ்கேனுக்கு என்றே உள்ளது ஓசிஆர்மைபிடிஎஃப். தேடக்கூடிய எழுத்து அடுக்கைச் சேர்த்துக்கொண்டே படங்களையும் சுருக்கும். தமிழும் அதற்குத் தெரியும். ஸ்கேன்களைச் சேமித்து வைப்பவருக்கு இதைவிட நல்ல இலவசக் கருவி எனக்குத் தெரியாது.

எந்தக் கருவியானாலும் சுருக்கும்போது சத்தமில்லாமல் போகிறவை சில உண்டு. முதலாவது டிஜிட்டல் கையொப்பம். கோப்பில் ஒரு பைட்டை மாற்றி எழுதினாலும் கையொப்பம் செல்லாது, அதற்காகத்தான் அது இருக்கிறது. கையொப்பமிட்ட பிடிஎஃப்பைச் சுருக்கவே கூடாது, சுருக்கிவிட்டுத்தான் கையொப்பமிட வேண்டும். அப்புறம் புத்தகக்குறிகள், உள்ளிணைப்புகள், நிரப்பும் படிவங்கள். 'பிடிஎஃப்பாக அச்சிடு' என்ற குறுக்குவழி இவற்றையெல்லாம் தட்டையாக்கிவிடும். தமிழ் எழுத்து உள்ள கோப்பில் இன்னொன்றையும் பாருங்கள். சுருக்கிய பிறகு ஒரு வரியைப் பிரதி எடுத்து வேறிடத்தில் ஒட்டுங்கள். முன்பு சரியாக வந்தது இப்போது குழம்பி வந்தால், பார்க்க அழகாக இருந்தாலும் அந்தக் கோப்பில் தேடல் செத்துவிட்டது என்று பொருள்.

சுருக்காமலே அனுப்புவது

கோப்பைத் தொடாமல் விடுவதும் ஒரு தேர்வுதான். அச்சகத்துக்குப் போகும் வடிவமைப்பு, வழக்குக்கான ஆவணம், கையொப்பமிட்ட ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு அதுவே சரி. கூகுள் டிரைவ் போன்ற ஒன்றில் ஏற்றி இணைப்பை அனுப்பலாம். குறிப்பிட்ட நபருக்கு மட்டும் என்று அனுமதியை வைக்க மறக்காதீர்கள். இணைப்பு கிடைத்த யாரும் திறக்கலாம் என்று விட்டுவிட்டால், சுருக்கும் தளத்தில் ஏற்றாமல் காப்பாற்றியதை இங்கே விட்டதாகிவிடும். வாட்ஸ்அப் 2 ஜிபி வரை ஆவணம் ஏற்கிறது. ஆவணமாகவே அனுப்புங்கள். பக்கத்தைப் படமாக அனுப்பினால் அது தன் பங்குக்கு ஒருமுறை சுருக்கும்.

ஜிப் செய்வது பயன்தராது. பிடிஎஃப்பின் உள்ளே இருப்பவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, பிழிந்த துணியை மறுபடி பிழிவதுபோல ஒன்றும் வராது. பகுதிகளாகப் பிரித்து அனுப்பலாம், ஆனால் பெறுபவருக்கு அது தொல்லை. பொது எழுத்துருக்கள் ஒவ்வொரு பகுதியிலும் திரும்பப் பதியும் என்பதால் மொத்த அளவும் சற்றுக் கூடும்.

மின்னஞ்சலில்தான் போக வேண்டும் என்றால் ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. அஞ்சலோடு சேர்த்து அனுப்பும் கோப்புகள் பயணிக்கும்போது எழுத்துக்குறிகளாக மாற்றப்பட்டு மூன்றில் ஒரு பங்கு கூடுகின்றன. 18 எம்பி கோப்பு வழியில் 24 எம்பி ஆகியிருக்கும். பெறுபவரின் அலுவலக அஞ்சலுக்கு வரம்பு இன்னும் குறைவாக இருக்கலாம். 10 எம்பிக்குள் கொண்டுவந்தால் பெரும்பாலும் தடையில்லாமல் போய்ச் சேரும்.

அனுப்பும் முன் சுருக்கிய கோப்பையே திறந்து, அதில் உள்ள மிகச் சிறிய எழுத்தையும், முத்திரையின் ஓரத்தில் சுற்றி வரும் எழுத்தையும், அட்டவணையில் உள்ள ஓரிரு எண்களையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூலத்தை அழிக்காமல் வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது தெளிவான பிரதி கேட்டால், சுருக்கியதிலிருந்து அதை மீட்க எந்தக் கருவியாலும் முடியாது.